"பாஸ் ஸ்பெஷல்" ஃப்ளை செட் வாங்கப் போகிறீர்களா? முதலில் லைனை எடை போடுங்கள்

டெக்சஸில் லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்காக ஃப்ளை ராட் (ஃப்ளை என்ற செயற்கை இரையை வீசும் தூண்டில் கம்பு) வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். டல்லாஸ் வட்டாரத்தில் ஒரு கடையில் 8 எடை ராட் (8ஆம் எண் லைனுக்கான கம்பு), ரீல், வீசும் தடித்த லைன், லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய லீடர் எல்லாம் சேர்த்து "பாஸ் ஸ்பெஷல்" என்று ஒரே செட்டாகத் தருகிறார்கள். லைனை ரீலில் ஏற்றியே கொடுக்கிறார்கள், லைன் வந்த பெட்டி மட்டும் கையில் வராது. அந்தச் செட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தால் ராட் ஒன்றுதான் பாஸுக்கு உகந்தது. லைன் 6 எடை. லீடர் ட்ரவுட் மீனுக்கானது. திருப்பிக் கொண்டுபோனதற்கு, ரீலில் ஏற்றிய லைனைத் திரும்ப எடுப்பதில்லை என்றும், வீசிப் பழகினால் சரியாகிவிடும் என்றும் பதில் வந்தது. பழகுவதால் தீர்கிற குறை இல்லை இது.

ஃப்ளை மீன்பிடியில் எறியும் கனமே லைன்தான். ஈயக் குண்டு கிடையாது. லைனின் கனம் ராட்டை வளைக்க வேண்டும், வளைந்த ராட் நிமிரும்போது லைன் சுருண்டு விரிந்து ஃப்ளையைக் கொண்டுபோய்ப் போடும். அதனால்தான் லைனுக்கு எண் கொடுத்து விற்கிறார்கள். முனையிலிருந்து முதல் 30 அடியின் எடை, கிரெய்ன் என்ற சின்ன எடை அளவில் எவ்வளவு என்பதுதான் அந்த எண்ணுக்கு அடிப்படை. 6 எடைக்கு 160 கிரெய்ன், 7க்கு 185, 8க்கு 210, 9க்கு 240. கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், 8 எடை என்றால் 202 முதல் 218 வரை ஏற்பு. வீட்டுத் தராசில் பார்க்க வேண்டுமானால் 8 எடை லைனின் 30 அடி சுமார் 13.6 கிராம், 6 எடை சுமார் 10.4 கிராம்.

எடை போடுவது பெரிய வேலையில்லை. நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும், 0.1 கிராம் காட்டினால் சரி. லீடரைக் கழற்றுங்கள். லைன் நுனியிலிருந்து 30 அடி, அதாவது 9.14 மீட்டர் அளந்து அங்கே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அதுவரை உள்ளங்கை அகலச் சுருளாகச் சுற்றித் தராசில் வையுங்கள். மீதி லைன் மேசை விளிம்பில் தொங்கக் கூடாது, தராசுத் தட்டின் உயரத்திலேயே பக்கத்தில் ஒரு புத்தகத்தின் மேல் கிடக்கட்டும். தொங்கினால் அந்த இழுப்பும் எடையில் சேர்ந்துவிடும். நான் மேலே சொன்ன செட்டில் தராசு காட்டியது 10.4 கிராம், அதாவது 6 எடை. பில்லில் எழுதியிருந்தது 8 எடை.

இங்கே ஒரு குழப்பம் வரும். நல்ல கம்பெனிகளின் பாஸ் லைன்களே பெயரளவு எண்ணைவிட அரை எண், சிலசமயம் முழு எண் கூடுதல் கனமாக வருவதுண்டு. பாப்பர் என்ற, நீர்மேல் மிதந்து சத்தமிடும் பெரிய ஃப்ளையை இழுத்துப்போக வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள், கிரெய்ன் எடையையும் பெட்டியிலேயே அச்சடித்துவிடுவார்கள். 8 என்று போட்டு 235 கிரெய்ன் இருந்தால் அது ஏமாற்று இல்லை. 8 என்று போட்டு 160 இருப்பதுதான் ஏமாற்று. மந்தமாக வளையும் ராட்டில் அந்தக் கூடுதல் கனம் கொஞ்சம் சுமையாக இருக்கலாம், அது வேறு கதை.

எடை சரியாக இருந்தாலும் லைனின் வடிவம் தப்பாக இருக்கலாம். பாஸுக்குப் போடும் பாப்பர் கார்க் அல்லது ஃபோம் தலையும் ரப்பர் கால்களுமாக, 2 முதல் 1/0 எண் கொக்கியில் காற்றை முட்டிக்கொண்டு போகிற சாமான். ட்ரவுட் லைனின் முன்பகுதி நீளமாக, கொஞ்சங் கொஞ்சமாக மெலிந்துகொண்டே போகும். பூச்சி மாதிரி சின்ன ஃப்ளையைச் சத்தமில்லாமல் தண்ணீரில் வைக்க அந்த மெலிவு தேவை. அதில் பாப்பரைக் கட்டினால் விசை வழியிலேயே செத்து, லீடரும் பாப்பரும் ஒரே குவியலாக விழும். பாஸ் லைனில் முன் மெலிவு குறைவு, கனம் முழுக்க முன்னால் திரண்டிருக்கும். பெட்டி இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். நுனியிலிருந்து அடிக்கு அடி காலிப்பரால் தடிமன் எடுத்துப் பாருங்கள். ஏழெட்டு அடிக்குள் முழுத் தடிமனுக்கு வந்துவிட்டால் பாஸ் லைன் என்று நம்பலாம். பத்துப் பன்னிரண்டு அடி தாண்டியும் தடித்துக்கொண்டே போனால் அது வேறு வேலைக்கானது.

கடையில் ஏற்றித் தரும் லைனில் இன்னொரு கோளாறும் உண்டு: தலைகீழாகச் சுற்றிவிடுவது. முன்கனமுள்ள லைனின் பின்பாதி முழுக்க மெல்லியதாக ஓடும், அந்தப் பக்கம்தான் ரீலுக்குள் போக வேண்டும். தலைகீழ் என்றால் வெளியே முதலில் வருவது ஐம்பது அறுபது அடிக்கு ஒரே சீரான மெல்லிய லைன், கனமான பகுதி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். என்ன வீசினாலும் பறக்காது. இந்தச் செட்டில் அந்தக் குறை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். லைனுக்கு அடியில் ரீலில் சுற்றும் நூலான பேக்கிங் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். 20 பவுண்ட் டாக்ரான், 50 கெஜம், அவ்வளவுதான். பாஸ் நூறு கெஜம் ஓடுகிற மீன் கிடையாது, விலை கூடிய பேக்கிங்கைத் தலையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய இன்னொரு விஷயம், எந்த வெப்பத்துக்கான லைன் என்பது. டெக்சஸ் கோடையில் ஏரித் தண்ணீர் 85 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். குளிர்நீர் லைனை அதில் போட்டால் துவண்டு, ராட் வளையங்களில் ஒட்டிக்கொண்டு ஓடாது. வெப்பமண்டல லைன் அதற்கு நேர்மாறு: ஜூலையில் அருமையாக இருக்கும், பிப்ரவரியில் ஸ்பிரிங் போலச் சுருண்டு நிற்கும். வருடம் முழுக்க ஒரே லைன் போதும் என்று விற்பவரிடம் எந்த மாதத்தைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

இனி லீடர். செட்டில் இருந்தது 9 அடி, 4எக்ஸ். எக்ஸ் கணக்கு எளிது: 11லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் முனைத் தடிமன் ஆயிரத்தில் எத்தனை அங்குலம் என்பது வரும். 4எக்ஸ் என்றால் 0.007 அங்குலம், ஏறக்குறைய 0.18 மில்லிமீட்டர். 12ஆம் எண் கொக்கியில் கட்டிய சின்ன ட்ரவுட் ஃப்ளைக்கு அது சரி. அதில் 2ஆம் எண் பாப்பரைக் கட்டினால் வீசும்போது பாப்பர் பம்பரமாகச் சுழன்று லீடரை முறுக்கிவிடும், பத்துப் பதினைந்து வீச்சில் சிக்குதான் மிஞ்சும். மீன் கடித்தாலும் பயனில்லை. டெக்சஸின் லேக் ஃபோர்க் போன்ற ஏரிகளில் நீரில் மூழ்கிய மரங்கள் நிறைய. பாஸ் கடித்த உடனே மரத்துக்குள் நுழையப் பார்க்கும், இழுத்து நிறுத்த 12 முதல் 16 பவுண்ட் தாங்கும் லீடர் வேண்டும். கொக்கியைக் குத்தும்போதே 4எக்ஸ் லீடர் அறுந்துவிடும்.

லீடரின் அடிப்பகுதியையும் பாருங்கள். அது லைன் நுனியின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும், 8 எடைக்கு 0.024 அங்குலம் அளவில். அதைவிட மெலிந்தால் முடிச்சு இருக்கும் இடத்தில் கீல் போல மடங்கும், விசை அதைத் தாண்டிப் போகாது. கடை லீடரை நம்பாதவர்கள் நீங்களே கட்டிக்கொள்ளலாம்: விறைப்பான நைலான் தங்கூசியில் 40 பவுண்ட் 4 அடி, 25 பவுண்ட் ஒன்றரை அடி, 15 பவுண்ட் 2 அடி. மொத்தம் ஏழரை அடி. இணைக்க பிளட் நாட் என்ற முடிச்சு. எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்குங்கள். மூன்று சுருள் வாங்கினால் ஒரு சீசனுக்கு மேல் வரும், விலையோ செட்டில் வந்த அந்த ஒரு லீடரோடு ஒப்பிடும்போது ஒன்றுமில்லை.

ஃப்ளூரோகார்பன் லீடர்தான் உசத்தி என்று கூடுதல் விலைக்குத் தள்ளுவார்கள். பாப்பருக்கு அது கெடுதல். நைலானைவிட அடர்த்தி அதிகம் என்பதால் மூழ்கி, பாப்பரின் மூக்கைத் தண்ணீருக்குள் இழுக்கும், "பொளக்" என்ற சத்தமே வராது. மூழ்கும் லைனில் ஸ்ட்ரீமர் (நீருக்குள் இழுக்கும் சின்ன மீன் போன்ற ஃப்ளை) இழுப்பவர்கள் வாங்கலாம், அதற்கு 4 அடி லீடர் போதும். நீளமாகப் போட்டால் லைன் கீழே போக ஃப்ளை மேலேயே மிதந்து வரும்.

வாங்கும்போது லைன் பெட்டியைக் காட்டச் சொல்லி, "டபிள்யூ.எஃப்.8.எஃப்" (முன்கனம், 8 எடை, மிதக்கும் லைன்) என்ற குறியீட்டையும் கிரெய்ன் எடையையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தராசின் எண் தெரியும்படி லைன் சுருளையும் பில்லையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், சொன்ன பொருள் வரவில்லை என்று கார்டு கொடுத்த வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும், முகவரியும் பணம் கட்டும் முகவரி இல்லை, பில் விசாரணைக்கென்று ஸ்டேட்மென்டில் தனியாக அச்சிட்டிருக்கும். டெபிட் கார்டில் வாங்கியவர்களுக்கு கிரெடிட் கார்டுக்கான இந்த விதி பொருந்தாது, அவர்கள் தங்கள் வங்கியின் விதியைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.