பிள்ளைப்பேற்றுக்குக் கொழும்பா, மட்டக்களப்பா?

மட்டக்களப்பில், கொழும்பிலே சொந்தக்காரர் உள்ள குடும்பங்களில் இந்தக் கேள்வி வந்தே தீரும்.

கொழும்பு டி சொய்சா மகளிர் வைத்தியசாலையின் பெயர் பெரியது. சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா என்ற செல்வந்தரின் கொடையில் 1879இல் திறந்தது. பெண்கள் பெரும்பாலும் வீட்டிலேயே பிள்ளை பெற்ற காலத்தில் அதற்கென்றே ஒரு மருத்துவமனை கொடுத்தது எவ்வளவு பெரிய தருமம்! இன்று அது அரச வைத்தியசாலை. கொழும்பு மருத்துவ பீட மாணவர்களும் அங்கேதான் பயிற்சி பெறுகிறார்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அப்படியொரு கதை இல்லை. ஆனாலும் விசேட மகப்பேற்று வைத்தியர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், சிகிச்சை இரண்டிலும் இலவசம். அப்புறம், தூரம். கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். வலி எடுத்தபின் ஓட முடியாது, முன்கூட்டியே போய் உறவினர் வீட்டில் தங்கவேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பெண்களுக்கு வாவியைக் கடப்பதே ஒரு காலத்தில் பாடாக இருந்தது. மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபின் அது லேசாகிவிட்டது.

மட்டக்களப்பு வார்டில் தமிழில் பேசலாம். கிளினிக்கில் தொடக்கத்திலிருந்து பார்த்த குடும்பநல மாதுவே பிள்ளை பிறந்தபிறகும் வீட்டுக்கு வருவார். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். சிக்கலில்லாத கர்ப்பம் என்றால் மட்டக்களப்புத்தான் சரி. கொழும்பு அவசியம் என்றால் இங்குள்ள வைத்தியரே எழுதி அனுப்புவார்.