கிணறு எவ்வளவு தரும்? வோகலா, ஃபெட்கோவிச்சா?

புதிய எண்ணெய்க் கிணற்றில் சப்மர்சிபிள் பம்ப் இறக்குவதற்கு முன், அந்தக் கிணறு நாளொன்றுக்கு எத்தனை பீப்பாய் தரும் என்று சொல்லியாக வேண்டும். அதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: நேர்கோட்டு பி.ஐ. (உற்பத்தித் திறன் குறியீடு), வோகல் வளைவு, ஃபெட்கோவிச் சமன்பாடு. இந்த வேலை என்னிடம் வந்தபோது நான் ஃபெட்கோவிச்சைத் தேர்ந்தேன். இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். நடுநிலையான தீர்ப்பை இங்கே தேட வேண்டாம்.

பி.ஐ. பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கிடைத்த உற்பத்தியை அழுத்த வீழ்ச்சியால், அதாவது பாறைக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் கிணற்றடி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தால், வகுத்தால் போதும். கிணற்றடி அழுத்தம் குமிழ்ப் புள்ளிக்கு மேலே இருக்கும் வரை அது சரியாக வரும். அதற்குக் கீழே போனால் எண்ணெயில் கரைந்திருக்கும் வாயு பாறைக்குள்ளேயே பிரிந்து, எண்ணெய் வரும் வழியில் இடம் பிடித்துக்கொள்கிறது, நேர்கோடு வளைந்துவிடுகிறது. எவிங்கரும் மஸ்கட்டும் 1942-லேயே இதைக் காட்டிவிட்டார்கள்.

வோகல் 1968-இல் தந்த வளைவு இதற்கு மருந்தாக வந்தது. எண்ணெய் தேங்கியிருக்கும் பாறையின் 21 விதமான நிலைகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, எல்லாவற்றுக்கும் ஏறத்தாழப் பொருந்தும் ஒரே வளைவை அவர் கண்டார். கிணற்றடி அழுத்தம் பாறை அழுத்தத்தில் எத்தனை பங்கு என்று பார்த்து, அந்தப் பங்கின் 0.2 மடங்கையும் அதன் வர்க்கத்தின் 0.8 மடங்கையும் ஒன்றிலிருந்து கழித்தால், உச்ச உற்பத்தியில் எத்தனை பங்கு கிடைக்கும் என்பது வந்துவிடும். ஒரே ஒரு சோதனை போதும், கால்குலேட்டர் போதும். மாதந்தோறும் நூறு கிணறுகளைப் பார்க்க வேண்டிய பழைய வயலில் நானும் இதைத்தான் கேட்பேன்.

ஃபெட்கோவிச் 1973-இல் வெளியிட்ட முறை, வாயுக் கிணறுகளுக்கு ஏற்கெனவே இருந்த சோதனையை எண்ணெய்க்குக் கொண்டுவந்தது. 40 எண்ணெய்க் கிணற்றுச் சோதனைகள் அதற்கு அடிப்படை. பாறை, கிணற்றடி ஆகிய இரு அழுத்தங்களின் வர்க்க வித்தியாசத்தை ஓர் அடுக்குக்கு உயர்த்தி, ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். அந்த அடுக்கு பொதுவாக 0.5-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும். அது எவ்வளவு என்பதைக் கிணறே சொல்ல வேண்டும். அதற்காகச் சிறிய சோக்கில் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் குறுகிய துவாரம்) ஆறு மணி நேரம் ஓடவிட்டு, மூடி, அழுத்தம் மீண்டதும் அடுத்த சோக்கில் அதே ஆறு மணி நேரம் என நான்கு முறை ஓட்டுகிறோம். கடைசியில் ஒரு நீண்ட ஓட்டம். இரு அச்சுகளும் மடக்கை அளவில் உள்ள லாக்-லாக் தாளில் புள்ளிகளைப் போட்டால் சாய்விலிருந்து அடுக்கு கிடைக்கிறது.

ஓர் உதாரணக் கணக்கு. பாறை அழுத்தமும் குமிழ்ப் புள்ளியும் 2000 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு); கிணற்றடியில் 1600 இருக்கும்போது 300 பீப்பாய் வருகிறது. பம்ப் அதை 1000-க்கு இறக்கினால் பி.ஐ. 750 பீப்பாய் என்கிறது. வோகல் 640 என்கிறது. அடுக்கு 0.8 என்று சோதனையில் வந்திருந்தால் ஃபெட்கோவிச் 540 என்கிறது.

இந்த நூறு பீப்பாய் வித்தியாசத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஒரே புள்ளி வழியாக எந்த வளைவையும் போட்டுவிடலாம். புள்ளி தவறாக இருந்தாலும் வளைவு முனகாது. நான்கு புள்ளிகள் அப்படி விடாது. பாறை அழுத்தத்தைத் தவறாக எடுத்திருந்தால் லாக்-லாக் கோடு வளைந்து நிற்கும். முதல் சோக்கின் புள்ளி மட்டும் தனியே விலகினால், துளையிட்டபோது தங்கிய சேறு இன்னும் வெளியேறி முடியவில்லையோ என்று சந்தேகிக்கலாம். அடுக்கு 0.5 பக்கம் இறங்கினால், கிணற்றோரம் எண்ணெய் கொந்தளித்து வருகிறது, எண்ணெய் நுழையக் குழாய்ச் சுவரில் போட்ட துளைகள் போதவில்லையோ என்று பார்க்கத் தோன்றும். வோகலின் மூல வளைவு, கிணற்றோரப் பாறை அடைபட்டுச் சேதமாகாத கிணற்றுக்கானது. ஸ்டேண்டிங் 1970-இல் அதற்கு ஒட்டுப் போட்டார்; ஆனால் சேதத்தை அளக்கக் கிணற்றை மூடி அழுத்தம் ஏறுவதைப் பார்க்கத்தான் வேண்டும். எப்படியும் மூடுவதென்றால் நான்கு சோக்குகளையும் பார்த்துவிடலாமே.

இழக்கும் உற்பத்தியைச் சொல்லி மேலிடம் முகம் சுளிக்கும். ஆனால் 640 பீப்பாய்க்கென்று வாங்கிய பம்பை அவ்வளவு தராத கிணற்றில் இறக்கினால் திரவமட்டம் சரிந்து, வாயு புகுந்து, பம்ப் அடிக்கடி நின்றுவிடும். குளிர்விக்கப் போதிய திரவம் ஓடாமல் மோட்டார் சூடேறும். பிறகு ரிக்கை வரவழைத்து முழுக் குழாயையும் உருவ வேண்டும். அந்தச் செலவின் முன்னே சில நாள் சோதனை எம்மாத்திரம்? வேகத்தை மாற்றும் கருவி பொருத்திய பம்ப் என்றால் மட்டும் என் வாதம் பாதி தளர்ந்துவிடும். ஓட்டிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

நான் பெரும்பாலும் பார்த்தவை நேர்க்கிணறுகள், மணற்பாறை. கிடைமட்டக் கிணறுகளிலும் தண்ணீர் அதிகம் வரும் கிணறுகளிலும் என் அனுபவம் சொற்பம். அங்கே இந்தச் சாய்வை அப்படியே நம்ப வேண்டாம். பாறை மிக இறுக்கமாக இருந்தால் நீண்ட ஓட்டம் நிலைபெற நாள்கணக்கில் ஆகும், அப்போது வோகலுக்குத் திரும்புவதில் வெட்கமில்லை.

அப்படித் திரும்புகிறவர்கள் பாறை அழுத்தத்தைப் பழைய அறிக்கையிலிருந்து எடுக்காமல், கேஜை இறக்கிப் புதிதாக அளந்துகொள்ளட்டும். மேலே சொன்ன கணக்கில் 2000-க்குப் பதிலாக 1900 என்று போட்டுப் பாருங்கள்: வோகலின் 640 பீப்பாய் ஏறத்தாழ 765 ஆகிவிடும்.