பழைய எம்எக்ஸ்-5: ஐடில் நடுக்கமும் ஏற்றத்து மிஸ்ஸிங்கும்

1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் இன்ஜின். சில வருடங்களாக ஷெஃபீல்டில் என்னிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. கூரையைத் திறந்துவிட்டு ஓட்டும் சுகத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஐடிலையும் (வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடும் நிலை) ஏற்றத்து மிஸ்ஸிங்கையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். வாங்கும்போதே சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் வரை நடுக்கம் வந்தது. கிளாசப் பக்கம் போகும் ஸ்னேக் பாஸ் ஏற்றத்தில் நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி மிஸ் அடித்துத் திணறியது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. விலை இறங்கியதற்கு அதுதான் காரணம்.

கூடவே ஒரு கட்டு பில்லும் வந்தது. முந்தைய உரிமையாளர் காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தருவது), ஆக்சிஜன் சென்சார், அப்புறம் வேறொரு வண்டியில் கழற்றிய ஏர்ஃப்ளோ மீட்டர் (இன்ஜினுக்குள் போகும் காற்றை அளப்பது) என்று ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறார். நோய் அப்படியே இருந்தது. நடுக்கத்தையும் மிஸ்ஸிங்கையும் ஒரே கோளாறு என்று எடுத்துக்கொண்டு தேடினால் இப்படித்தான் பணம் போகும்.

ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக் ஒயரின் உறை எங்காவது பழுதாகியிருந்தால் மின்சாரம் அந்த வழியாகத் தப்பித்துவிடும். ஆகவே ஏற்றத்தில் மட்டும் திணறினால் முதலில் பிளக்கையும் ஒயரையும் பார்க்க வேண்டும். ஐடிலில் நிலைமை நேர் எதிர். இன்ஜின் உள்ளே இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். கணக்கில் வராத காற்று சிறிது புகுந்தாலும் காற்று-பெட்ரோல் கலவை கெட்டுவிடும். அதே ஓட்டை, த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் கதவு) முழுக்கத் திறந்திருக்கும்போது பொருட்டே இல்லை.

இந்த வயது வண்டியில் மிஸ்ஸிங் எந்த சிலிண்டரில் என்று சொல்லும் பழுதுக் குறியீடு கிடையாது. அதனால் கையால்தான் பார்க்க வேண்டும். ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரை உருவிப் பார்ப்பது பழைய பழக்கம். நான் அதைச் செய்வதில்லை. கைக்கும் ஆபத்து, காயிலுக்கும் கேடு. அதற்குப் பதிலாக பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கழற்றியதும் இன்ஜின் வேகம் சட்டென்று விழுந்தால் அந்த சிலிண்டர் ஒழுங்காக உழைக்கிறது. (கனெக்டரைப் பிடித்திருக்கும் கம்பி கிளிப்பை விரலால் மூடிக்கொண்டு எடுங்கள். துள்ளி இன்ஜின் அறைக்குள் விழுந்தால் தேடிக் கிடைக்காது.) ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய சிலிண்டர்களில் வேகம் விழுந்தது. மூன்றாவதில் பெரிய மாற்றம் இல்லை.

இங்கேதான் காயில் குற்றவாளி இல்லை என்று தெரிந்தது. இந்த இன்ஜினில் ஒரு காயில் ஒன்றாம், நான்காம் சிலிண்டருக்கும், இன்னொன்று இரண்டாம், மூன்றாம் சிலிண்டருக்கும் சேர்த்துப் பொறி தருகிறது. காயில் போயிருந்தால் பெரும்பாலும் ஜோடியாகவே அடிபடும். இரண்டு நன்றாக ஓடி மூன்று மட்டும் படுத்தால் ஒயர், பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) இவற்றில் ஒன்றுதான். இன்ஜின் சூட்டில் கம்ப்ரெஷன் பார்த்தேன். நான்கும் 175-க்கும் 185 பிஎஸ்ஐ-க்கும் நடுவில். மனம் லேசானது.

மூன்றாவது பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தது. வால்வ் கவர் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் உள்ள அடைப்பு) கசிந்து இறங்கிய எண்ணெய் ஒயரின் ரப்பர் முனையை ஊதிப்போகச் செய்திருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கருங்கோடு. மின்சாரம் பாய்ந்த தடம் அது. மல்டிமீட்டரில் அந்த ஒயரின் ரெசிஸ்டன்ஸ் மற்றவற்றைப் போலத்தான் காட்டியது. ஏனென்றால் மீட்டர் உள்ளே இருக்கும் கடத்தியைத்தான் அளக்கிறது, உறையை அல்ல. இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒயர்கள் மேல் தண்ணீரைப் பனி மாதிரி தெளித்துப் பார்த்தேன். நீலப் பொறிகள் உறையின் மேலேயே ஊர்ந்தன. ஈரமான நாளில் திணறல் கூடியதற்கும் காரணம் கிடைத்தது.

புது கேஸ்கெட், பிளக், ஒயர் செட் போட்டதும் ஏற்றத்து மிஸ்ஸிங் போனது. கேஸ்கெட்டை விட்டுவிட்டு ஒயரை மட்டும் மாற்றினால் திரும்ப அதே எண்ணெய்தான். ஒயரில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். நல்ல செட்டே காயில் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

ஆனால் ஐடில் இன்னும் ஏறி இறங்கியது. 1.6 இன்ஜினில் ஏர்ஃப்ளோ மீட்டர் மடல் வகை. அதைத் தாண்டிய பிறகு புகும் காற்று கணக்கில் சேராது. ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்தால் அந்த வழியாகவும் அப்படிக் காற்று புகும், ஐடில் தடுமாற வேண்டும். என் வண்டியில் அசைவே இல்லை. அப்படியானால் வேறெங்கோ ஏற்கெனவே காற்று புகுகிறது. இன்ஜினுக்கு முன்னால் குறுக்கே போகும் ரப்பர் குழாயைக் கழற்றி மடிப்புகளை விரித்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் வெடிப்பு. பொருத்தியிருக்கும்போது தெரியாது, இன்ஜின் அசையும்போது மட்டும் வாய் திறக்கும்.

குழாயை மாற்றிவிட்டு, இன்ஜின் அறையில் உள்ள டயக்னாஸிஸ் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்று குறித்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, டைமிங்கை (பொறி பாயும் நேரம்) 10 டிகிரிக்கும் ஐடிலை நிமிடத்துக்கு 850 சுற்றுக்கும் வைத்தேன். இதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். ஓட்டையை வைத்துக்கொண்டு ஐடில் ஸ்குரூவைத் திருப்புவதில் பயன் இல்லை.

அதன் பிறகு குளிர்காலங்களும் மழையும் பார்த்துவிட்டது, எம்ஓடி (பிரிட்டனின் வருடாந்திர வாகனப் பரிசோதனை) புகைச் சோதனையில் ஹைட்ரோகார்பன் தொல்லை தரவில்லை. ஒவ்வொரு சர்வீஸிலும் பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதோடு சரி. நிறுத்தி வைத்து எடுக்கும் நாளில் மேலே டிக் டிக் என்று கேட்கும்; அது ஹைட்ராலிக் டாப்பெட் (வால்வைத் தள்ளும், எண்ணெயால் இயங்கும் பாகம்), எண்ணெய் ஏறியதும் அடங்கிவிடும். மிஸ்ஸிங் என்று நினைத்து யாராவது காயில் விற்க வந்தால் வாங்காதீர்கள்.