8,500 ரூபாய் கொடுத்து என் தங்கையின் உயிரைப் பணயம் வைத்தோம்: ராமநாதபுரம் மண்டபம் பக்கத்துப் பெண்கள் கவனிக்கவும்

என் தங்கை நேற்றுத்தான் அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தாள். கோபம் ஆறுவதற்குள் நடந்ததையும், கடைசியில் நான்கைந்து யோசனைகளையும் எழுதிவிடுகிறேன்.

கடலில் பாசி எடுத்துப் பிழைப்பவள் அவள். கணவர் கேரளத்துப் படகுக்கு வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மூன்றாவதாகக் கரு தங்கவே, அதைக் கலைக்கப் பக்கத்து ஊர் மருந்துக்கடை ஒன்றுக்கு இருவரும் போனோம். "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில புருஷன் கையெழுத்துக் கேப்பாங்க, ஊருக்கே தெரிஞ்சுபோகும், இங்கன்னா ரெண்டே நாள்ல முடிஞ்சிரும், தங்கச்சி" என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னதில்தான் விழுந்தோம். தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. பாசி விற்றுச் சேர்த்த 8,500 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டவர், எத்தனை வாரம் என்றும் கேட்கவில்லை, ஸ்கேன் பார்க்கவும் சொல்லவில்லை. அட்டையிலிருந்து பிதுக்கிய ஐந்து மாத்திரைகளைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். ரசீது கேட்டதற்குச் சிரித்தார்.

மூன்றாம் நாளிலிருந்து உதிரப்போக்கு நிற்கவில்லை. போன் செய்தால், "கழிவு போகுது, பயப்படாதீங்க" என்றார். ஆறாம் நாள் நேரில் போனபோது சத்து டானிக் ஒன்றை நீட்டி அதற்கும் 240 ரூபாய் கேட்டார். ஒன்பதாம் நாள் போனை எடுக்கவேயில்லை. அன்றிரவு கழிப்பறை வாசலில் மயங்கிக் கிடந்தவளை 108-இல் ஏற்றிக்கொண்டு ஓடினோம். கரு முழுதாக வெளியேறாமல் கர்ப்பப்பைக்குள் தங்கிச் சீழ் வைக்கத் தொடங்கியிருந்ததாம். சுத்தம் செய்து இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அங்கே ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி பதினெட்டு வயதான பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே போதும், கணவர் கையெழுத்து வேண்டாம், அவள் பெயரை மருத்துவமனை வெளியில் சொல்லவும் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. மாத்திரையால் கலைப்பது ஒன்பது வாரம் வரைதான், அதுவும் மருத்துவர் கண்காணிப்பில். இவளுக்கோ பன்னிரண்டாவது வாரம். இல்லாத ஒரு கையெழுத்துக்குப் பயந்து 8,500 ரூபாய்! திருப்பிக் கேட்கப் போனால், "நீங்க யாருன்னே தெரியாதே" என்கிறார். புகார் கொடுக்கலாமென்றால் கையில் ரசீதும் இல்லை, மாத்திரை அட்டையும் இல்லை.

யோசனைகள்: அட்டையில்லாமல் உதிரியாகத் தரும் மாத்திரையை வாங்காதீர்கள். ஸ்கேன் பார்க்காமல் எதையும் விழுங்காதீர்கள். கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கிய கருவுக்கு இந்த மாத்திரை கேட்காது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தால், கடைக்காரருக்குப் போன் போடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தங்கை எழுந்துவிட்டாள், கஞ்சி கொடுக்க வேண்டும்.