வேலி போட 68,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், வீட்டில் குழந்தை இருப்பவர்கள் படியுங்கள்

கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பை நம்பி 68,000 ரூபாயை விட்டிருக்கிறேன். பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். வேலி எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் போடச் சொல்வது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் வீடு சென்னை உத்தண்டியில், கடற்கரைக்கு நடந்தே போகலாம். முன்பக்கம் காம்பவுண்டு சுவர் இருக்கிறது. பக்கவாட்டிலும் பின்னாலும் சேர்த்து 160 அடிக்குப் பழைய சவுக்குக் கம்பு வேலி. 2016 டிசம்பரில் வர்தா புயல் அதைச் சாய்த்தபோது அப்பா நிமிர்த்திக் கட்டினார். அவர் இருந்தவரை எப்படியோ ஒட்டுப்போட்டு நிறுத்தி வைத்திருந்தார். அவர் போனபிறகு தெருநாய்கள் கிணற்றடி வரைக்கும் வர ஆரம்பித்தன. மகளுக்கு நாலு வயது, அவள் விளையாடுவதே அங்கேதான்.

ஆப்பில் பதிவு செய்த மறுநாளே ஒருவர் வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டார். பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கையில் அள்ளி மெதுவாக விட்டுப் பார்த்தார். "அக்கா, இது மணல் தரை. ஒரு அடிக் குழியில வேலிக்கால் நிக்காது. ரெண்டு அடி தோண்டி, ஜல்லி காங்கிரீட் போட்டாத்தான் நிக்கும்" என்றார். அந்தப் பேச்சில்தான் விழுந்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி, அதுதான் வயிற்றெரிச்சல். எது சரி என்று தெரிந்தேதான் செய்யாமல் போயிருக்கிறார்.

பையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குச் செயின் லிங்க் கம்பி வலைத் துண்டு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. "10 கேஜ் தடிமன், ஜி.ஐ. கம்பி, துத்தநாகம் பூசினது, உப்புக்காத்துக்கு அசையாது." மகள் எட்டிப் பார்த்ததும், "பாப்பா கையில குத்தாது, முனையெல்லாம் மடக்கித்தான் வரும்" என்றார். அம்மா காபி கொடுத்து, "நல்லபடியா போட்டுக் குடு தம்பி" என்றாள். போகும்போது அந்தத் துண்டைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். கேட்டு வாங்கி வைக்கத் தோன்றவில்லை எனக்கு.

5 அடி உயரம், சதுர அடி 105 ரூபாய், மொத்தம் 84,000. "ஆப்புல கட்டினா கமிஷன், ஜி.எஸ்.டி. எல்லாம் ஏறும்க்கா. நேரா ஜிபே பண்ணிடுங்க, அந்தக் காசுக்கு வேலி சாயாம மூலைக்கு மூலை முட்டுக்கால் சேத்துப் போட்டுத் தரேன்." அனுப்பினேன். முதலில் 34,000, சரக்கு இறங்கியதும் இன்னொரு 34,000. மகள் பேரில் கட்டிய சீட்டை எடுத்த பணம் அது. 68,000 ரூபாய்.

வேலை நடந்த இரண்டு நாளும் நான் ஆபீசில். சாயங்காலம் வந்து பார்த்தால் பளபளவென்று நின்றது. போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் ராத்திரி மழையும் காற்றும். விடிந்து பார்த்தால் ஐந்து கால் சாய்ந்து கிடக்கிறது, கம்பி வலை கொடித்துணி மாதிரி தொங்குகிறது. ஒரு காலை அசைத்தேன், அப்படியே கையோடு வந்துவிட்டது. காங்கிரீட் ஒரு பிடிகூட இல்லை, வெறும் மணலைத் தள்ளி மிதித்திருக்கிறார்கள். ஈரமண் ஒட்டியிருந்த இடத்தை டேப் வைத்து அளந்தேன். 11 அங்குலம். முட்டுக்கால் ஒன்றுகூடக் கிடையாது.

நான் அளந்துகொண்டிருக்கும்போதே மகள் கத்தினாள். மடக்கி வரும் என்றாரே, அந்த முனைகள் எல்லாம் வெட்டியபடியே நீட்டிக்கொண்டிருந்தன. முழங்கைக்கு மேலே விரல் நீளத்துக்குக் கீறல், சுற்றிலும் துருப்பொடி. ஊசி போட்டுக்கொண்டு வந்தோம்.

என் மாமா அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தவர். தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியை எடுத்துக்கொண்டு வந்து கம்பியைப் பிடித்தார். 2 மில்லிமீட்டர். "இது 14 கேஜ்மா. 10 கேஜ்னா 3 மில்லிக்கு மேல இருக்கணும்" என்றார். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். முதல் நாள், "மேஸ்திரி ஊருக்குப் போயிருக்காருக்கா, திங்கக்கிழமை வந்துடுவாரு." திங்கட்கிழமை, "மழை விடட்டும்க்கா." அடுத்த வாரம், "மீதி 16,000 போடுங்க, ஆள் அனுப்பறேன்." குழந்தை கையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. இப்போது போன் எடுப்பதே இல்லை.

ஆப்பில் கேட்டால், 'உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது' என்று ஒரே வரி. நான்கு முறை கூப்பிட்டு, நான்கு பேரிடம் முதலிலிருந்து கதை சொன்னேன். கடைசியில் பேசிய பெண், "ஆப்புக்கு வெளியே கொடுத்த பணத்துக்கு நாங்க பொறுப்பு இல்ல மேடம்" என்றார். ஆளை அனுப்பியது யார்? அவர் படத்துக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை டிக் போட்டது யார்? அதற்கு அவரிடம் பதில் இல்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. இவ்வளவாவது பிடித்துக்கொள்ளுங்கள். ஆப்புக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். மாதிரித் துண்டைக் கேட்டு வாங்கி வையுங்கள், இறங்கும் சரக்கை அதோடு வைத்து அளந்து பாருங்கள். கேஜ், குழி ஆழம், கால் இடைவெளி மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். குழி தோண்டும் அன்று லீவு போடுங்கள். காங்கிரீட் விழுவதைக் கண்ணால் பார்த்தபிறகு அடுத்த பணம். ஏமாந்தவர்கள் 1915-க்குப் போன் செய்யுங்கள், நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாது.

எனக்குப் புகார் எண் வந்திருக்கிறது. ஜிபே ரசீது இரண்டும் வைத்திருக்கிறேன், 68,000 ரூபாயையும் கேட்டிருக்கிறேன். பின்பக்கம் இப்போதைக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். இதே மாதிரி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே மனு போடலாம்.