கரிக்கு எந்த மரம்: வில்லோவா, பைனா, ஓக்கா?

உரிமம் வாங்கி முறைப்படி வாணவேடிக்கை செய்யும் ஆர்வலர்களிடம் கரியைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ஆளுக்கொரு மரத்தைத் தூக்கிப் பிடிப்பார்கள். காரணம் இருக்கிறது. வாணவேடிக்கையின் கருமருந்து வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கலவை. சுத்தமான வெடியுப்பும் கந்தகமும் எங்கே வாங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கரி அப்படியில்லை, மரத்துக்கு மரம் குணம் மாறும். அதனால் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: மருந்து எரியும் வேகம் வேண்டுமா, பொறி வேண்டுமா?

வேகம்தான் வேண்டும் என்றால் வில்லோவையும் ஆல்டரையும் அடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டும் லேசான மரங்கள். கரியானதும் உள்ளே நுண்துளைகள் நிறைந்திருக்கும், சட்டென்று தீப்பிடிக்கும். இங்கிலாந்தின் வால்தம் அபி வெடிமருந்து ஆலைக்காரர்கள் கரிக்கென்றே ஆல்டர் தோப்பு வளர்த்தார்கள். நல்ல வில்லோக் கரியைக் கையில் எடுத்துப் பாருங்கள், எடையே தெரியாது. ஒடித்தால் சுலபமாக உடையும், விரலிடுக்கில் வைத்து நசுக்கினால் மாவாகிவிடும். பால்சாவும் பாலோனியாவும் இதே ரகம்தான்.

ஆனால் வானத்தில் பொறிகளாலான நீளமான வால் வேண்டும் என்பவருக்கு வில்லோ ஏமாற்றம்தான் தரும். அதன் பொறி சீக்கிரமே அணைந்துவிடும். அங்கேதான் பைன் முந்துகிறது. பிசின் உள்ள மரம். அதன் கரித்துகள் காற்றில் நெடுநேரம் கனன்றுகொண்டே இறங்கும். நிறம் ஆரஞ்சு கலந்த பொன். வெள்ளைப் பொறியை எந்த மரக்கரியிடமும் எதிர்பார்க்க வேண்டாம். கரி அவ்வளவு சூட்டில் எரிவதில்லை, அதற்கு உலோகத்தூள்தான் வழி. ஜப்பானியர்களின் செங்கோ ஹனாபி என்ற சின்ன மத்தாப்பில் பைன் மரப் புகைக்கரி சேர்ப்பது மரபு. அதன் பொறிகள் கிளைகிளையாகப் பிரியும் அழகுக்கு நான் அடிமை.

ஓக், தேங்காய்ச் சிரட்டை போன்ற கெட்டி ரகங்கள் சமையலுக்கு அருமை, இங்கே மந்தம். அரைப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். கொரகொரப்பான துகளாக, மெதுவாக எரியும் வாலுக்குச் சேர்க்கலாம், அவ்வளவுதான். கடையில் விற்கும் அச்சுக்கரி வேண்டவே வேண்டாம். மாவுப்பசையும் வேறு கலப்படங்களும் சேர்ந்து வருவது அது.

சரி, மரத்தைத் தேர்ந்தாயிற்று. சுட்ட விதமும் சேர்ந்துதான் கரியின் குணத்தைத் தீர்மானிக்கும். ஒரே வில்லோவை அளவோடு சுட்டால் எளிதில் பற்றும். அளவுக்கு மீறிச் சுட்டால் ஆவியாகும் பொருள்கள் எல்லாம் போய், பற்றவே தயங்கும். பட்டையை உரிக்காமல் விட்டால் சாம்பல் கூடும். அதனால் கரி வாங்கும்போது மரத்தின் பெயரோடு எப்படிச் சுட்டது என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

ஒரே ஒரு கரிதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் பைனைத்தான் எடுப்பேன். வேகத்தில் வில்லோவுக்குப் பின்னால் நின்றாலும், பார்க்க வந்தவர்கள் அண்ணாந்து ரசிப்பது பொறியைத்தானே.

அப்புறம், எந்த மரமானாலும் இதை மறக்காதீர்கள்: புதிதாக அரைத்த கரித்தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித் தானாகவே சூடேறும், சில சமயம் பற்றியும் கொள்ளும். மூடிய உலோக டப்பாவில், வீட்டுக்கு வெளியே, வெடியுப்பின் பக்கமே போகாமல் வையுங்கள்.