கோஹாவில் ஓலைக்கும் காசெட்டுக்கும் தனி ஃபிரேம்வொர்க்: சில வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூலக மென்பொருளான கோஹாவோடு வரும் ஆயத்த ஃபிரேம்வொர்க்குகளில் (பட்டியலாக்கும் படிவங்களில்), 'டீஃபால்ட்' தவிர ஒன்றைக்கூட நாங்கள் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் வேறு மென்பொருளுக்கு மாறும் எண்ணம் இல்லை. அதற்கும் காரணம் அதே ஃபிரேம்வொர்க்குகள்தான். பிரித்துப் போட்டு நமக்கு ஏற்றபடி மறுபடி அடுக்கிக்கொள்ள விடுகின்றன.

எங்களுடையது கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே ஒரு சிற்றூரில் இருக்கும் அறக்கட்டளை நூலகம். அச்சுப் புத்தகம்தான் பெரும்பகுதி. ஆனால் காவிரிக்கரை ஊரில் நூலகம் என்று ஒன்று இருந்தால், பரணிலிருந்து இறக்கிய ஓலைக்கட்டும் கும்பாபிஷேக மலரும் பஞ்சாங்கமும் நாகஸ்வரக் கச்சேரி காசெட்டும் நின்றுபோன சிற்றிதழும் தானாகவே வந்து சேரும். நியூசிலாந்தில் ஒரு நூலக அறக்கட்டளைக்காக 1999-இல் எழுதப்பட்டு 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய மென்பொருள் கோஹா. அதன் ஆயத்தப் பட்டியலில் புத்தகம், தொடர் இதழ், ஒலிப்பதிவு, காணொளி, கிட் எல்லாம் உண்டு. ஓலை இல்லை. எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. ஐட்டம் டைப், ஃபிரேம்வொர்க், லீடர் மூன்றும் வேறு வேறு. ஐட்டம் டைப் என்பது இரவல் விதிக்கு: வீட்டுக்குத் தரலாமா, எத்தனை நாள், அபராதம் உண்டா. ஃபிரேம்வொர்க் என்பது பட்டியலாக்குகிறவர் முன்னால் திறக்கும் படிவம். மார்க் என்பது நூலகப் பதிவுகளின் பொது வடிவம், அதில் ஒவ்வொரு தகவலுக்கும் எண்ணிட்ட ஒரு புலம் உண்டு. அதன் தொடக்கத்தில் வரும் லீடரும் 008 என்ற புலமும் இது என்ன வகைப் பொருள் என்று கணினிக்குச் சொல்லும் குறியீடுகள். இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஐட்டம் டைப்புக்கு ஒரு ஃபிரேம்வொர்க் என்று போட்டால் சிறுவர் நூல், குறிப்புதவி நூல், நன்கொடை நூல் என்று வரிசையாகப் படிவங்கள் வரும். எல்லாவற்றிலும் கேள்விகள் ஒன்றேதான். நாளைக்கு ஒரு புலத்தை மாற்ற வேண்டுமென்றால் அத்தனையிலும் போய் மாற்ற வேண்டும். படிவத்தில் கேட்கும் கேள்வி மாறினால் மட்டுமே புது ஃபிரேம்வொர்க் என்பது எங்கள் கணக்கு. அதனால் ஐந்தோடு நின்றுவிட்டது: நூல், ஓலை, ஒலி, மலர், இதழ்.

உருவாக்குவது கடினமில்லை. நிர்வாகப் பக்கத்தில் மார்க் ஃபிரேம்வொர்க் பகுதிக்குப் போய், நான்கு எழுத்துக்குள் ஒரு குறியீடும் ஒரு பெயரும் கொடுத்தால் போதும். அதன் அமைப்பை முதல் முறை திறக்கும்போது எந்தப் பழைய ஃபிரேம்வொர்க்கிலிருந்து நகலெடுக்க என்று கேட்கும். 'டீஃபால்ட்' என்று சொல்லுங்கள். அந்த டீஃபால்டில் மட்டும் கைவைக்காதீர்கள். வெளியிலிருந்து கொத்தாக இறக்கும் பதிவுகளுக்கு எல்லாப் புலமும் உள்ள முழு அமைப்பு ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

நகலெடுத்த பிறகு வேலை முழுக்க மறைப்பதுதான். ஒவ்வொரு சப்ஃபீல்டுக்கும் (புலத்தின் உட்பிரிவுக்கும்) அது வாசகர் தேடும் பக்கமான ஓபேக்கில் தெரியலாமா, பணியாளர் பக்கத்தில் தெரியலாமா, எடிட்டரில் தெரியலாமா என்று தனித்தனியாகக் குறிக்கலாம். நூல் படிவத்தை ஒரே திரையில் அடங்கும்படி குறைத்தோம். கட்டாயப் புலங்களையும் குறைத்தோம். ஐஎஸ்பிஎன் உலகத் தரமாக வந்ததே 1970-இல்தான். எங்கள் அலமாரியில் நிறைய நூல்களுக்கு அது கிடையாது. அதைக் கட்டாயமாக்கினால் தட்டச்சு செய்கிறவர் ஒரு புள்ளியை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். தலைப்பு, மொழி, ஐட்டம் டைப், இவ்வளவு கட்டாயம் போதும்.

புலத்தின் முன்னால் வரும் குறி இலக்கங்களான இண்டிகேட்டர்களுக்கு முன்கூட்டியே மதிப்புப் போட்டு வைத்தது நல்ல பலன் தந்தது. தமிழ்த் தலைப்பின் முன்னால் வரிசைப்படுத்தும்போது தள்ளிவிட வேண்டிய சொல் எதுவும் இல்லை. ஆகவே தலைப்புப் புலமான 245-இன் இரண்டாவது இண்டிகேட்டர் 0 என்றே திறக்கும். ஆசிரியர் பெயருக்கான 100-க்கு முதல் இண்டிகேட்டர் 1. 'சாமிநாதையர், உ. வே.' என்று பெயரைத் திருப்பிப் போட்டு முன்னெழுத்தைப் பின்னால் வைப்பதற்கு அது சரி. அப்பர் போன்ற ஒற்றைப் பெயருக்கு மட்டும் கையால் 0 ஆக்க வேண்டும்.

தமிழ் நூலுக்கு நேரம் பிடிப்பது வருஷம். பழைய வெளியீடுகளின் முகப்பில் 'விக்கிரம வருஷம் தை மாதம்' என்பதோடு நின்றுவிடும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் விக்கிரம 1880, 1940, 2000 ஆகியவற்றின் ஏப்ரலில் தொடங்குகிறது. தை என்றால் அடுத்த ஜனவரிக்குப் போய்விடும், ஆகவே 1881 அல்லது 1941 அல்லது 2001. தாளையும் எழுத்துருவையும் பார்த்தும், விலை அணாவிலா புதுக்காசிலா என்று பார்த்தும் ஒரு முடிவுக்கு வரலாம். முடியாதபோது 008-இல் தேதி வகையை ஐயத்துக்குரியது என்று குறித்து, 1881, 1941 இரண்டையும் அடுத்தடுத்துப் போடலாம். மார்க் அதற்கு இடம் தருகிறது. வெளியீட்டு விவரத்துக்கான 264-இன் சி-யில் அச்சில் உள்ளதை அப்படியே எழுதி, கணித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குறியில் சேர்க்கிறோம். இந்த விதியை எங்கேயோ ஒரு கையேட்டில் எழுதி வைக்கவில்லை, புலத்தின் பெயரிலேயே எழுதிவிட்டோம். '264 சி' இருந்த இடத்தில் 'அச்சில் உள்ளபடி வருஷம், பின் [ஆங்கில ஆண்டு]' என்று திரையில் தெரியும்.

இந்தப் பெயர் மாற்றும் வசதிதான் எனக்கு ஃபிரேம்வொர்க்கில் மிகவும் பிடித்தது. பணியாளருக்குத் தெரியும் பெயரையும் ஓபேக்கில் தெரியும் பெயரையும் தனித்தனியாகத் தமிழில் கொடுக்கலாம். விடுமுறையில் உதவிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மார்க் எண் எதுவும் சொல்லித் தருவதில்லை. படிவத்தைப் படித்தாலே நிரப்பிவிடுகிறார்கள்.

ஊர்ப் பெயரும் டெல்டாவில் ஒரு தனிக்கதை. அச்சிட்ட இடம் மாயவரம் என்று இருந்தால் 264-இல் மாயவரம் என்றே இருக்கட்டும். ஆனால் பொருளாக வரும் ஊரை 651-இல் இடப்பெயர் அத்தாரிட்டியோடு (ஒரே பெயர் வடிவத்தை நிலைநிறுத்தும் பதிவோடு) இணைத்து, மயிலாடுதுறை என்ற ஒரே தலைப்பில் வைத்து, மாயூரம், மாயவரம் இரண்டையும் 'காண்க' குறிப்பாகப் போட்டோம். குடந்தையும் கும்பகோணமும் அப்படியே, தஞ்சையும் தஞ்சாவூரும் அப்படியே.

சரி, ஓலைக்கு வருகிறேன். ஐந்தில் அதிகம் யோசித்தது இதற்குத்தான். ஓலைக்கு முகப்புப் பக்கம் இல்லை. நூலின் பெயர் முதல் ஏட்டின் இடது ஓரத்தில் இருக்கலாம், கடைசி ஏட்டில் இருக்கலாம், எங்குமே இல்லாமலும் போகலாம். நாமே வைக்கும் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் 245-இலும், ஓரத்தில் கண்டதை மாற்றுத் தலைப்புக்கான 246-இலும் போடுகிறோம். லீடரின் 06-ஆம் இடத்தில் கைப்பிரதிக்கான 'டி' (t) எழுத்து தானாக வரும்படி செய்தாகிவிட்டது. அச்சு நூலுக்கு உரிய 'ஏ' (a) இருந்தால் ஓலையும் புத்தகமும் தேடலில் கலந்துவிடும்.

தஞ்சை சரசுவதி மகாலின் அச்சிட்ட விளக்கப் பட்டியல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு சுவடியை அடையாளம் காட்டுவது அதன் தொடக்க வரியும் இறுதி வரியும். பெயர் தவறாக இருந்தாலும் அந்த இரண்டு வரியை வைத்து அறிஞர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மார்க்கில் இவற்றைப் பொதுக் குறிப்பான 500-இல் போடலாம், ஆனால் 500-ஐ மூன்று நான்கு முறை போட்டால் எது தொடக்கம், எது முடிவு என்று படிவத்தில் தெரியாது. உள்ளூர்ப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட 590, 591 இரண்டையும் எடுத்துத் 'தொடக்கம்', 'முடிவு' என்று பெயர் வைத்தோம். விலை என்னவென்றால், ஓபேக்கில் தலைப்போடு தனியாகக் காட்ட, பதிவு திரையில் தெரியும் விதத்தை முடிவுசெய்யும் எக்ஸ்எஸ்எல்டி கோப்பில் கைவைக்க வேண்டும். வேறு நூலகத்துக்குப் பதிவைக் கொடுத்தால் அவர்களுக்கு இந்த எண்களின் பொருள் தெரியாது. தெரிந்தேதான் எடுத்தோம்.

மொழியும் எழுத்தும் வேறு என்பதைப் படிவமே நினைவூட்ட வேண்டும். கிரந்த எழுத்தில் உள்ள ஓலையைப் பலர் தமிழ் என்றே பதிந்துவிடுவார்கள். உள்ளே இருப்பது சமஸ்கிருதமாக இருக்கும். மராட்டியர் காலக் காகிதம் மோடி எழுத்தில் இருக்கும், மொழி மராத்தி. 008-இல் மொழி, 546-இன் பி-யில் எழுத்து. இரண்டாவதற்குக் கீழிறங்கு பட்டியல் வைத்துவிட்டோம்: தமிழ், கிரந்தம், தெலுங்கு, தேவநாகரி, மோடி. ஏட்டின் எண்ணிக்கையும் நீள அகலமும் 300-இல். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசியது, உடைந்த ஏடு, பூச்சித் துளை எல்லாம் 583-இல், தேதியோடு. யார் கொடுத்தது என்பது 541-இல். அது ஓபேக்கில் தெரியாது, கொடுத்த குடும்பங்கள் அப்படித்தான் கேட்கின்றன.

காசெட்டுக்கு ஆயத்த ஒலிப்பதிவு ஃபிரேம்வொர்க் முக்கால் வாசி பொருந்துகிறது. 028-இல் வெளியீட்டு எண், 511-இல் வாசித்தவர்கள், 505-இல் பாட்டுப் பட்டியல். போதாது என்று உணர்த்தியது பக்கத்து ஊர் நாகஸ்வரக்காரர் ஒருவர். வாசலில் நின்றபடியே கேட்டார்: "தம்பி, தோடி என்னென்ன இருக்கு?"

"எந்த வித்வான் வாசிச்சதுங்க ஐயா?"

"யாரா இருந்தா என்ன, தோடி வேணும்."

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு வளர்ந்த பகுதி இது. இங்கே இசையை ராகம் சொல்லித்தான் கேட்பார்கள். தலைப்பும் கம்பெனியும் யாருக்கும் நினைவிருக்காது. 505-க்குள் 'தோடி' என்று எழுதியிருந்தாலும் ஒருவர் தோடி என்பார், இன்னொருவர் ஹனுமதோடி என்பார். உள்ளூர்ப் பொருள் தலைப்பான 690-ஐ 'ராகம்' ஆக்கி, அங்கீகரித்த மதிப்புப் பட்டியலோடு இணைத்தோம். தட்டச்சு இல்லை, தேர்வு மட்டும். ராகத்தைப் பொருள் தலைப்பு என்பதா என்று மார்க் தெரிந்தவர்கள் முகம் சுளிக்கலாம். கேட்பவருக்கு காசெட்டு கிடைக்கிறது, எனக்கு அது போதும். தாளத்துக்கும் இதே மாதிரி செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. தாளம் சொல்லி யாரும் கேட்டதில்லை, விட்டுவிட்டோம்.

கும்பாபிஷேக மலர் வெளியிலிருந்து பார்த்தால் புத்தகம். ஆனால் அதைத் தேடி வருகிறவர் மலரைத் தேடுவதில்லை. உள்ளே இருக்கும் தல வரலாறு, கல்வெட்டுக் கட்டுரை, திருப்பணிக் கணக்கு இவைதான் வேண்டும். அதனால் மலருக்கு ஒரு பதிவு, முக்கியக் கட்டுரைக்கு ஒரு பதிவு, இரண்டையும் 773 இணைக்கிறது. கோஹாவில் எளிய பகுப்பாய்வுப் பதிவு அமைப்பை இயக்கினால் இந்த இணைப்பு வேகமாக நடக்கும். எல்லாக் கட்டுரைக்கும் செய்ய முடியாது. வாழ்த்துரைகளை விட்டுவிடுவதில் எனக்கு வருத்தமில்லை.

இதழ்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நின்றுபோன சிற்றிதழுக்குக் கோஹாவின் சந்தாப் பகுதி தேவையே இல்லை. ஒரு பதிவு போட்டு, ஒவ்வொரு இதழையும் ஐட்டமாக்கி, ஐட்டம் விவரத்துக்கான 952-இன் எச்-இல் மலர், இதழ் எண்ணை எழுதினால் முடிந்தது. பஞ்சாங்கமும் இதே படிவத்தில்தான். மகாமக மலரை எங்கே வைப்பது என்று ஒரு விவாதம் நடந்தது. 1992, 2004, 2016 என்று பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவதைத் தொடர் வெளியீடு என்று சொல்ல முடியுமா? பதிப்பிப்பவரும் பெயரும் ஒவ்வொரு முறையும் மாறுவதால் மலர் படிவத்திலேயே விட்டோம்.

குறைகளுக்கு வருகிறேன். ஃபிரேம்வொர்க்கில் புலத்தை மறைப்பதும், அதைப் புறக்கணி என்ற நிலைக்குத் தள்ளுவதும் ஒன்றல்ல. மறைத்தால் தகவல் பத்திரம். புறக்கணித்தாலோ புலமே ஃபிரேம்வொர்க்கில் இல்லாவிட்டாலோ, பிற நூலகங்களிலிருந்து பதிவை இறக்கும் இசட்39.50 வழியாக வந்த நல்ல பதிவை அடிப்படை எடிட்டரில் திறந்து சேமிக்கும்போது அந்தத் தகவல் போய்விடும். நாங்கள் பயன்படுத்தும் பதிப்பில் இதுதான் நிலை. ஓலைப் பதிவை நூல் ஃபிரேம்வொர்க்குக்கு மாற்றிச் சேமிக்கும்போதும் இதே ஆபத்து. ஆகவே 590, 591, 690 மூன்றையும் ஐந்து ஃபிரேம்வொர்க்கிலும் வைத்து, தேவையில்லாத இடத்தில் மறைக்க மட்டும் செய்திருக்கிறோம்.

அடிப்படை எடிட்டர் தானாகச் சேமிப்பதும் இல்லை. மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத எங்கள் பக்கத்தில் படிவம் குட்டையாக இருப்பது அழகுக்காக மட்டுமல்ல.

தமிழ்த் தேடல் தனிப் பிரச்சினை, அதற்கு ஃபிரேம்வொர்க் பொறுப்பில்லை. ஆனால் எவ்வளவு நல்ல படிவம் போட்டாலும் இது சரியில்லாவிட்டால் பயனில்லை. கோஹாவின் தேடல் பொறியான ஜீப்ராவை யூனிகோடுக்கு ஏற்ற ஐசியூ முறையில் அட்டவணைப்படுத்த வேண்டும், அதன் பழைய இயல்பு அமைப்பு தமிழுக்கு ஒத்துவராது. அப்புறம் 'கொ' என்ற எழுத்து யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், தேடினால் வராது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய தரவுகளில் இது நிறைய. இறக்குவதற்கு முன்பே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

நூலகவியலின் பெரிய பெயரான ரங்கநாதன் 1892-இல் பிறந்தது எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் சீர்காழியில். எங்கள் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் அவருடைய கோலன் வகைப்பாட்டு எண்கள்தான் இருக்கின்றன. இப்போது டியூவி வகைப்பாட்டுக்கு மாறிவிட்டாலும் அந்த எண்களைத் தூக்கிப்போட மனமில்லை. பிற வகைப்பாட்டு எண்ணுக்கான 084-ஐ நூல் படிவத்தில் திறந்துவைத்து, பதிவேட்டில் உள்ளபடி ஏற்றுகிறோம். முதுகில் பழைய சீட்டோடு அலமாரியில் இருக்கும் புத்தகத்தைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் உதவுகிறது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ஃபிரேம்வொர்க்கைச் சிஎஸ்வி ஆகவோ ஓடிஎஸ் ஆகவோ ஏற்றுமதி செய்யலாம். மாற்றம் செய்யும் முன் ஒரு நகல், பதிப்பு உயர்த்தும் முன் ஒரு நகல் எடுத்து வைக்கிறோம். உயர்த்தியதும் ஃபிரேம்வொர்க் சோதனைப் பக்கத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஐந்திலும் ஒவ்வொரு பதிவைத் திறந்து சேமித்துப் பார்க்கிறோம். எக்ஸ்எஸ்எல்டி மாற்றங்களை மட்டும் மறுபடி கையால்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.